கடல் பார்க்கும் அறையின் கூரை

சால்ட்பர்ன்
14 ஜனவரி 1979

வில்ஃப்,

கூடப்பிறந்தவளாகப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலை விஷயமாக எழுதுகிறேன். உன் பதிலும் வேலை விஷயமாக மட்டுமே இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு விடுதியைத் திறந்தே ஆகவேண்டும். மாடியில் நான்கு படுக்கையறைகள். மூன்று இன்னும் பாதி பாதியாகக் கிடக்கின்றன. நாலாவது, கடல் பார்க்கும் முன்னறை, அப்படியே பூட்டிக் கிடக்கிறது. அதன் கூரையில் இப்போது வெறும் மரச்சட்டங்கள்தான். பூச்சு முழுவதும் ஆகஸ்டு இருபத்தேழாம் தேதி காலையில் என் மகள் லோர்னா மேல் விழுந்துவிட்டது. அதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பூச்சு வேலைக்கு உன் இடத்தில் ட்ரான்டர் என்று ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அவருக்கு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவதில்தான் ஆசை. "ஏம்மா, நூத்திப்பத்து வருஷத்துச் சுண்ணாம்பைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுறீங்க? அட்டைப்பலகை அடிச்சா ரெண்டே நாள்ல முடிஞ்சுபோகும்" என்கிறார். நகராட்சியில் பழைய கட்டிடங்களைப் பார்க்கும் மிஸ் பெல்வுட் வந்து, விக்டோரியா ராணி காலத்து வீடு, இருந்தது இருந்தபடியே இருக்கவேண்டும், அட்டை அடித்தால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் என் மாடிப்படியில் நின்று சண்டை போடுகிறார்கள். நான் நடுவில் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன்.

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். ஒன்று, சுண்ணாம்புச் சாந்துக்கு நீ என்ன அளவு போட்டாய்? இரண்டு, கூரையோர வளைவுகளைச் சாந்தில் இழுக்க நீ தகரத்தில் வெட்டிவைத்த அச்சு எங்கே?

லோர்னா தடியோடு நடக்கிறாள். இடது காலை இனி இழுத்துத்தான் நடப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் பயிற்சிக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு எழுதாதே. கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதைப் பிரிக்காமலே கணப்பில் போட்டாள்.

நீ அந்தக் கூரைக்கு முட்டுக்கால் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

எனிட்


தொழிலாளர் முகாம், ஷெட்லாந்து
27 ஜனவரி 1979

அன்புள்ள எனிட்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், அதற்கு மேல் மூன்று நாள் கப்பலே வரமுடியாத காற்று.

ஒரு பங்கு ஊறின சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சொரசொரவென்ற கூரான மணல். கடற்கரை மணலை ட்ரான்டர் அள்ளிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு, அதில் உப்பு இருக்கும். சாந்தில் சேர்க்கும் ஆட்டு முடியைப் பூசப்போகும் அன்றுதான் கலக்கவேண்டும். முன்பே கலந்துவைத்தால் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். மூன்று பூச்சு. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை வராது.

அச்சு, துணி துவைக்கிற அறையில், பழைய செப்புக் கொப்பரைக்குப் பின்னால் சாக்கில் சுற்றியிருக்கிறது. பின்பக்க அறைகள் இரண்டிலும் கணப்பைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள், பார்த்தாயா? அதைக் கழற்று. பின்னால் பூப்போட்ட ஓடுகள் முழுசாக இருக்கும் என்று நினைக்கிறேன். தட்டிப் பார்த்தபோது சத்தம் அப்படித்தான் இருந்தது.

வேலை விஷயம் மட்டும் எழுது என்றாய். முட்டும் வேலை விஷயம்தான், ஆகவே எழுதுகிறேன். அந்தக் கூரையில் பூச்சு, உள்ளே இருக்கும் மரப்பட்டிகளை விட்டுவிட்டது என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை முட்டுக் கொடுத்தேன்: இரண்டு கால், மேலே ஒரு பலகை, அடியில் ஆப்பு. செவ்வாய்க்கிழமை வந்து திருகாணி போட்டு ஏற்றிவிடலாம், அதுவரை முட்டு தாங்கும், கட்டில் போட்டுப் படுத்தால்கூட பயமில்லை என்று உன்னிடம் சொன்னவன் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹல் நகரத்துக்கு, நண்பனின் கல்யாணத்துக்கு, ரயில் பிடிக்கவேண்டும். ஆப்பை அடித்தேன். மூன்று அடியா, இரண்டு அடியா? இங்கே காற்று தகரச் சுவரை உலுக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் மூன்று வருகிறது. சில நாள் இரண்டுதான் வருகிறது.

லோர்னாவுக்குக் கம்பளிக் கையுறை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் பின்னினது. யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடு.

வில்ஃப்


சால்ட்பர்ன்
11 பிப்ரவரி 1979

வில்ஃப்,

கையுறை திரும்பி வருகிறது. சொல்லாமல்தான் கொடுத்தேன். உறையில் ஷெட்லாந்து முத்திரை இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "அந்த ஆள் அனுப்பினதா? இந்தக் கைக்கா? இதுல ரெண்டு விரல் மடங்காதுன்னு அவருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். உன்னை மாமா என்று சொல்வதை விட்டு வெகு நாளாகிறது.

ஓடுகள் முழுசாகத்தான் இருந்தன. ஒரு அறையில் பழுப்பு, இன்னொன்றில் பச்சை. பச்சையில் இரண்டு மட்டும் விரிசல். சின்ன அறையில் சுவர்த்தாளை உரித்தோம். ஏழு அடுக்கு. பழுப்புக் கட்டம், ஆரஞ்சு வட்டம், பெரிய பெரிய ரோஜா, அதற்கும் கீழே கடைசியில் மெல்லிய நீலம், நாணல் நடுவே கொக்குகள். முதன்முதலில் இந்த வீட்டில் படுத்தவர்கள் பார்த்தது அதுதான். கதவுக்குப் பின்னால் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கெடாமல் இருந்தது. மிஸ் பெல்வுட் அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அந்த நீலத்தையே சுவரெங்கும் அடிக்கிறேன். இரும்புக் கட்டில், வெள்ளைப் போர்வை, சன்னல் கயிறுகளெல்லாம் புதுசு. நன்றாக வந்திருக்கிறது. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இங்கே ட்ரான்டரிடம் சொன்னால், "கொக்கு இருந்தா என்ன, காக்கா இருந்தா என்ன, பசை ஒட்டினாப் போதும்" என்கிறார்.

எத்தனை அடி அடித்தாய் என்ற கணக்கை இனி எனக்கு எழுதாதே. இடிபாட்டுக்குள் முட்டு சாய்ந்து கிடந்ததை நீயே வந்து உன் கண்ணால் பார்த்தாய். அதற்கு மேல் எண்ணி என்ன ஆகப்போகிறது?

எனிட்


ஷெட்லாந்து
25 பிப்ரவரி 1979

அன்புள்ள எனிட்,

இனி எழுதமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ட்ரான்டருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் என்னை நம்பியிருக்காதே. நான் இங்கே சுவர் மட்டும்தான் பூசுகிறேன். எண்ணெய் முனையத்து ஆட்களுக்காக வரிசையாக வீடு கட்டுகிறார்கள். அக்டோபரில் வந்ததிலிருந்து ஒரு கூரைகூட நான் தொடவில்லை. சாரத்தில் ஏறிக் கையைத் தூக்கினால் தோளிலிருந்து நடுக்கம் பிடிக்கிறது, கையிலிருக்கும் பூச்சுக் கரணை கீழே விழுகிறது. மேஸ்திரி டங்கன் எல்லாருக்கும் முன்னால், "என்னய்யா, மேல பாத்தா ஆண்டவர் கண்ணக் குத்திடுவாரா?" என்று கேட்டான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருஷமாகக் கூரை பூசினவன், இப்போது மற்றவன் பூசிய கூரைக்குக் கீழே படுக்கவும் பிடிக்காமல் சுவரோரம் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

நீ மன்னிக்காதது சரிதான். நானாக இருந்தாலும் மன்னித்திருக்கமாட்டேன்.

வில்ஃப்


சால்ட்பர்ன்
8 மார்ச் 1979

அன்புள்ள வில்ஃப்,

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

கூரை வேலையை விட்டுவிடாதே. சின்ன வயதிலேயே உனக்குக் கை அப்படி. அப்பாவின் பட்டறைச் சுவரில் நீ பூசிக் காட்டியது நினைவிருக்கிறதா, பன்னிரண்டு வயதில்? ஒரு விபத்துக்காக ஒரு மனிதன் தன் தொழிலையே விடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கொஞ்சம் கடுமையாக எழுதியிருக்கலாம். அன்றைக்கு நடந்ததில் எல்லாமே உன் ஒருவனால்தான் என்று சொல்லிவிட முடியாது. கூரை பழசு. ஆகஸ்டு முழுக்க மழை. இன்னும் எத்தனையோ—

விடு. பச்சை ஓட்டு அறையில் அலமாரி ஏற்றிவிட்டோம். ஈஸ்டருக்கு மூன்று அறைக்கும் ஆள் எழுதிக்கொண்டாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எனிட்


ஷெட்லாந்து
19 மார்ச் 1979

எனிட்,

இங்கே மின்வேலை செய்யும் கார் என்பவன் மனைவியை ஈஸ்டருக்கு எங்காவது கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். கடற்கரை ஊர்களின் விடுதிக் கையேடு ஒன்றைத் தபாலில் வரவழைத்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "ஏய் வில்ஃப், இது உங்க ஊர்தானே? பாரேன் இந்த ரூமை, லார்டு வீடு மாதிரி இருக்கு!" என்று என் பக்கம் தள்ளினான்.

பதினேழாம் பக்கம். உன் வீடு. முன்னறை.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நீயே பார். கட்டில். வெள்ளைப் போர்வை. சன்னலில் கடல். பித்தளைக் கம்பியில் நீலத்திரை. கூரையில் நடுப்பூ வேலைப்பாடு முதற்கொண்டு எல்லாம் தெரிகிறது.

முட்டு இல்லை.

அந்தத் திரைக்கம்பியை மாட்டியவன் நான், எனிட். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, நாலு மணிக்கு, நீ கெஞ்சிக் கேட்டாய் என்பதற்காகக் கம்பியை மாட்டினேன். முட்டுக்காலைச் சுற்றிக்கொண்டு ஏணியை வைக்கப் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஏணியோடு நீயும் ஒரு பக்கம் நின்றாய்.

ஆகவே இந்தப் படம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூரை விழுந்துவிட்டது. நடுவில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான்.

முட்டுக்காலை யார் எடுத்தது?

வில்ஃப்


சால்ட்பர்ன்
26 மார்ச் 1979

வில்ஃப்,

ஏழு மாதம் கழித்து ஒரு காகிதத்தைக் கிழித்து அனுப்பி என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். உனக்கு நிம்மதி வேண்டும் என்பது புரிகிறது. அதற்காக என் தலையில் கட்டப் பார்க்காதே.

படம் எடுக்கிறவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். பிடிக்காததைத் தூரிகையால் அழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிச் செய்திருக்கலாம். அல்லது வந்த ஆள் முட்டுக்காலை நகர்த்திவிட்டு, எடுத்து முடித்ததும் திருப்பி வைத்திருக்கலாம். நான் சமையலறையில் இருந்தேன். அவன் மாடியில் தனியாக என்ன செய்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் சரியாகத் திருப்பி வைக்காமல் போயிருந்தால் அது அவன் குற்றம், உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அப்படி எடுத்துக்கொண்டு போகலாமே.

திறக்க மூன்று வாரம்கூட இல்லை. லோர்னா வரவேற்பு மேசையில் உட்காரச் சம்மதித்திருக்கிறாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அன்றைக்கு ஒரு தடவை சிரித்தாள். இப்போது இதையெல்லாம் கிளறாதே. கேட்டுக்கொள்கிறேன்.

எனிட்


ஷெட்லாந்து
2 ஏப்ரல் 1979

எனிட்,

ஒவ்வொரு காலும் ஒன்பதடி. தனி ஆளாக அதை நகர்த்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கீழே இருந்த உன் காதில் சுத்தியல் சத்தம் விழவில்லை என்கிறாயா? நம் அம்மா சமையலறையில் இருந்தபடியே மாடியில் நாம் பிஸ்கட் டப்பா திறப்பதைக் கேட்பாள். நீ அவள் மகள்.

எனக்குப் பொய் எழுதாதே. வாயால் சொன்னால் காற்றோடு போகும். மையால் எழுதினதை நான் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டியிருக்கிறது.

ஈஸ்டருக்குள் லோர்னாவிடம் உண்மையைச் சொல். நீ சொல்லாவிட்டால் அந்தக் கையேட்டில் இன்னொரு பிரதியை வாங்கி எடுத்துக்கொண்டு நானே கப்பலேறுவேன். அவள் என்னைப் பார்க்க மறுத்தால் உன் விருந்தாளிகளுக்கு நடுவில் நின்று சொல்வேன்.

வில்ஃப்


சால்ட்பர்ன்
8 ஏப்ரல் 1979, குருத்து ஞாயிறு

வில்ஃப்,

கோயிலுக்குப் போகவில்லை. லோர்னா போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கையேட்டுப் படக்காரர் வந்தார். வெயில் நன்றாக இருந்தது. அந்த அறை அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. ரேமண்ட் செத்து நான் விதவையானபின் அவர் விட்டுப்போனதையெல்லாம் போட்டு இந்த இடிந்த வீட்டை வாங்கியபோது ஊரே என்னைப் பைத்தியம் என்றது. அந்த ஒரு அறையைக் காட்டினால் போதும், எல்லார் வாயும் அடைந்துபோகும் என்று தோன்றியது. நடுவில் உன் முட்டு தூக்குமரம் மாதிரி நின்றது. "மேடம், இந்தக் கட்டையோட எடுத்தா வீடு இடிஞ்சு விழப்போற மாதிரி இருக்கும். எடுத்துட்டா ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அவர் பிடித்துக்கொண்டார். ஆப்பைத் தட்டி எடுத்தது நான். உன் ஆப்பு இறுகியிருந்தது, வில்ஃப். ஏழெட்டு அடி அடித்த பிறகுதான் அசைந்தது. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

கட்டைகளை மாடிப்படித் தளத்தில் சாய்த்துவைத்தோம். படம் எடுத்தார், தேநீர் குடித்தார், அடுத்த விடுதிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். என்னால் தனியாக ஏற்றமுடியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் விடுமுறைக்கு யாரையோ அழைத்திருந்தார்கள், தொந்தரவு வேண்டாம் என்று விட்டேன். சாயங்காலம் லோர்னா வேலை முடிந்து வந்தாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா! இன்னிக்கு நான் இங்கயே படுத்துக்கவா? ராணி மாதிரி!" என்றாள்.

முட்டுக்காலை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மறக்கவில்லை. நினைவிருந்தது. படுக்கப் போகும் வழியில் அந்தக் கட்டைகளைத் தாண்டித்தான் போனேன். நூற்றுப்பத்து வருஷம் நின்ற கூரை, இன்னும் ஒரு ராத்திரி நிற்காதா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

காலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றேன். மாடிக்குப் போனேன். நைட்டியை எடுத்தேன். வெளியே வந்தபோது அந்தக் கட்டைகள் நின்றன. இரண்டையும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப்போய்ச் சுண்ணாம்புக்குள் போட்டேன். தனியாக முடியாது என்றிருந்தேனே, அன்றைக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மறுநாள் நீ வந்து அந்த வாசலில் நின்றாய். கட்டைகளைப் பார்த்தாய். "நான்தான், எனிட்" என்றாய். நான் ஒன்றுமே சொல்லத் தேவைப்படவில்லை. நீயே சொல்லிவிட்டாய். அதன்பிறகு உன்னைத் திட்டத் திட்ட எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது.

வாசலில் அவள் தடியின் சத்தம் கேட்கிறது. இன்றைக்குச் சொல்லமுடியுமா தெரியவில்லை. இதை மூடாமல் வைக்கிறேன்.

புதன்கிழமை, 11 ஏப்ரல்

நேற்றுச் சொன்னேன். நீல அறையில் இருவரும் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தோம். நான் சொல்லி முடித்ததும் அவள் இவ்வளவுதான் கேட்டாள்.

"அந்தக் கட்டையை உள்ள இழுத்துப் போட்டது எப்போ?"

"உனக்கு நைட்டி எடுக்க வந்தப்போ."

"அந்த நைட்டியையா நான் மூணு வாரம் போட்டுட்டிருந்தேன்?"

ஆமாம் என்றேன். கையிலிருந்த தலையணையை ஒழுங்காகத் தட்டிக் கட்டிலில் வைத்தாள். மூலையை நேராக்கினாள். ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி. அப்புறம் தன் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் நான் கை கொடுக்கப் போனேன். "தொடாதேம்மா. படி இறங்க நானே கத்துக்கிட்டேன்" என்றாள்.

இன்று காலை ஈஸ்டருக்கு வருகிறவர்கள் எல்லாரையும் போனில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கையேட்டுக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன். ட்ரான்டரையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.

அவள் தோழிகள் யாரிடமும் இல்லை. அங்கே வந்தாளா? வந்திருந்தால் ஒரே ஒரு வரி போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

எனிட்


ஷெட்லாந்து
24 ஏப்ரல் 1979

எனிட்,

வந்தாள். நன்றாக இருக்கிறாள். இங்கே கடை வைத்திருக்கும் மிஸஸ் இஸ்பிஸ்டர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறாள். ஒரு வரி கேட்டாய். அதை அன்றே தந்தியாகக் கொடுத்திருக்கவேண்டும். வேண்டுமென்றேதான் பத்து நாள் கொடுக்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பத்து நாள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அது முடிந்த பிறகும் எனக்கு நன்றாக இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை அபர்டீன் கப்பலில் வந்து இறங்கி, யாரிடமோ வண்டி கேட்டு முகாம் வாசலுக்கு வந்துவிட்டாள். காவல்காரன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். நான் பூச்சு வேலையிலிருந்து கையும் துணியும் வெள்ளையாகப் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"ஏன் மாமா, ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கமாட்டியா? நீதான்னு நீயே எப்படி முடிவு பண்ணின?"

"கட்டை அங்க கிடந்துதேம்மா."

"கட்டை கிடந்தா? உன் கைய உனக்குத் தெரியாதா?"

கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. நாலாம் நாள் கடலோரம் நடந்துகொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் அது அவளுக்குச் செய்யும் துரோகம். "முட்டுக்கட்டையை எடுத்ததை நான் தாங்கிக்குவேன் மாமா. அம்மாவுக்கு அந்த ரூம் மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். பயத்துல கட்டையை இழுத்துப் போட்டதைக்கூட எப்படியாவது தாங்கிக்குவேன். ஆனா ஆஸ்பத்திரியில நான் அசைய முடியாமக் கிடந்தப்போ, தினமும் வந்து தலை வாரிவிட்டுட்டே உன்னைத் திட்டுவா. நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். அப்ப எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு நெருக்கம். அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னுதான் தெரியல."

நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை. பேசியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். ஆனால் ஆப்பு இறுகியிருந்தது, ஏழெட்டு அடி ஆயிற்று என்று நீ எழுதியிருந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். "அதை எழுதாமலே விட்டிருக்கலாம் அவ" என்றாள். கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே படித்துவிட்டு, "எழுதியிருக்கா" என்றாள்.

போன வியாழக்கிழமை அவள் கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கு வந்தாள். டங்கன் பாதி பூசின கூரை ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். லோர்னா ஒரு மண்ணெண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கூரைக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். தடியை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இங்கதான் இருப்பேன். நீ பூசு" என்றாள். எழுந்திரும்மா, விளையாடாதே என்றேன். அசையவில்லை. டங்கன் வாசலில் நின்று பார்த்தான். சாரத்தில் ஏறினேன். முதல் கரணைச் சாந்து அவள் தோளிலேயே விழுந்தது. தட்டிவிட்டு, "அடுத்தது" என்றாள். அன்றைக்கு அந்தக் கூரையில் பாதியை முடித்தேன். மட்டமாக இல்லை. ஆனால் பிடித்துக்கொண்டது.

இனி உனக்குச் சொல்லவேண்டியது.

மே ஒன்பதாம் தேதி வருகிறேன். முன்னறைக் கூரையை நான் பூசுகிறேன். மிஸ் பெல்வுட்டிடம் சொல்லிவிடு. பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பை இன்றைக்கே ஊறப்போட ஏற்பாடு செய். மரப்பட்டிகளில் பழைய ஆணிகளையெல்லாம் பிடுங்கி வைத்திரு. நான் ஸ்டேஷன் தெரு விடுதியில் தங்கிக்கொள்கிறேன். எனக்குச் சமைக்காதே. வாசலில் நின்று அழாதே. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே, அது இன்னும் நடக்கவில்லை. முதல் சில நாள் சாந்தைப் பற்றி மட்டும் பேசுவோம். அது எனக்கு முடியும்.

லோர்னா வரமாட்டாள். இங்கே சின்ன மருத்துவமனை ஒன்றில் பதிவேடு எழுத ஆள் கேட்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உனக்கு எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றாள். இதைப் படித்துக் காட்டினேன். கேட்டாள். ஒரு வரியைச் சேர்க்கவும் சொல்லவில்லை, ஒரு வரியை அடித்துவிடவும் சொல்லவில்லை.

தபாலாபீசுக்குத் தான் போவதாகச் சொல்லி உறையைக் கேட்டு நிற்கிறாள். கொடுக்கப்போகிறேன். வழியில் கடலும் இருக்கிறது, தபால்பெட்டியும் இருக்கிறது. எதில் போடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் போய்ப் பார்க்கப்போவதில்லை. உன் கையில் இது கிடைத்தால், போட்டவள் அவள்தான் என்று தெரிந்துகொள்.

வில்ஃப்